என் பெயரில் ஒரு கன்றுக்குட்டி

1

காலை ஒன்பது மணி பத்து நிமிடம். அறைக்குள் போனதும் முதலில் கண்ணில் பட்டது ஒரு காகிதக் கைக்குட்டைப் பெட்டி. போன முறை வந்தபோது அது ஜன்னலோரம் பூந்தொட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. இன்று நான் உட்கார வேண்டிய நாற்காலிக்கு நேர் எதிரே, மேசை விளிம்பில் இருந்தது. மேல் தாளை யாரோ பாதி வெளியே இழுத்தும் வைத்திருந்தார்கள்.

கள்ளக்குறிச்சியில் ஏழு வருடம் ஒரு நாளிதழுக்குத் தாலுகா நிருபராக இருந்திருக்கிறேன். அலுவலகங்களில் ஒரு பொருள் இடம் மாறியிருந்தால் கவனிக்க வேண்டும் என்பது அந்த வேலை கற்றுக்கொடுத்த பாடம். பேட்டிக்குப் போன இடத்தில் டீயோடு பிஸ்கட்டும் வந்தால், கேட்ட தகவல் கிடைக்காது. அழுவதற்கு வசதி செய்து வைத்திருக்கும் அறையில், அழும்படியாக ஏதோ சொல்லப் போகிறார்கள்.

அயர்லாந்தின் கார்க் நகரத்துக்கு நாங்கள் வந்து ஆறு வருடம் ஆகிறது. என் கணவர் சேகர் இங்கே ஒரு மருந்துத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறார். நான் வாரத்தில் மூன்று நாள் ஒரு நூலகத்தில் புத்தகம் அடுக்குகிறேன். அன்று போயிருந்தது ஒரு மருத்துவமனையின் ஆராய்ச்சிப் பிரிவுக்கு. எதிரே உட்கார்ந்திருந்தவர் நோரா, அந்தப் பிரிவின் நர்ஸ். ஐம்பது வயதிருக்கும். என் பெயர் அமுதா. அவர் வாயில் அது அமூடா.

நோரா கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். பதினான்கு வயது முதல் பத்தொன்பது வயது வரை எனக்கு மாதவிலக்கு வந்த தேதிகள் அதில் சிவப்புப் புள்ளிகளாக இருந்தன. முதல் இரண்டு வருடம் கடுகைக் கொட்டியது போல நெருக்கமாக, ஒழுங்கில்லாமல். பதினாறு வயதில் திடீரென்று ஒழுங்குக்கு வந்து, வேலிக்கு நட்ட கம்புகள் போல சம தூரத்தில். அதற்குப் பிறகு பன்னிரண்டு மாதம் வெறும் வெள்ளை. பிறகு மறுபடியும் கடுகு.

நோரா பெட்டியை இன்னும் இரண்டு அங்குலம் என் பக்கம் தள்ளினார். குரலைத் தாழ்த்தி, அந்த இடைவெளியில் நான் கர்ப்பமாக இருந்தேனா என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

ஒன்பது மாதம் கர்ப்பம், அதன் பிறகு தாய்ப்பால் கொடுத்தால் மேலும் இரண்டு மூன்று மாதம் மாதவிலக்கு வராமல் இருக்கும், அளவு சரியாகப் பொருந்துகிறது என்றார். பதினேழு வயதில் நடந்ததற்கு இன்று யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள் என்றார். தன் பெரியம்மா ஒருவருக்கும் அந்த வயதில் அப்படி நடந்தது, குழந்தையை எங்கோ கொடுத்துவிட்டார்கள், அவர் சாகும்வரை அதைப் பற்றி வாய் திறக்கவில்லை என்றார். சொல்லி முடித்ததும் அவரே ஒரு தாளை உருவி மூக்கைத் துடைத்துக்கொண்டார். எனக்காக வைத்த பெட்டியில் முதல் தாள் அப்படிச் செலவானது.

பதினேழு வயதில் நான் கள்ளக்குறிச்சியில் மாணவியர் விடுதியில் தங்கி பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். அந்த வருடத்தில் எனக்கு நடந்த பெரிய சம்பவம் கண்ணாடி போட்டது.

வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்தேன். நோரா கிராண்ட் என்றார்.

இந்த ஊரில் எதற்கும் கிராண்ட் என்பார்கள். சரி, பரவாயில்லை, ஆகட்டும், போய் வாருங்கள், எல்லாவற்றுக்கும் அது ஒன்றே. எங்கள் பக்கம் பட்டுப் புடவையும் கல்யாண மண்டபமும்தான் கிராண்டாக இருக்கும். வந்த புதிதில் ஸ்கேன் எடுத்தவர் என் கருப்பைச் சுவர் தடித்திருக்கிறது என்று சொல்லி, கிராண்ட் என்று முடித்தார். நான் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

2

கருப்பையின் உள்ளே மாதாமாதம் வளர்ந்து உதிரும் படலம் ஒன்று உண்டு. அதைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே, சினைப்பையிலும் குடலோரத்திலும் ஒட்டி வளர்வது எண்டோமெட்ரியோசிஸ். கருப்பைச் சுவரின் தசைக்குள்ளேயே புகுந்து வளர்வது அடினோமயோசிஸ். போன இடத்திலும் அது மாதாமாதம் தன் வேலையைத் தவறாமல் செய்யும். அதனால் வலிக்கும். சிலருக்குக் கரு தங்காது. எனக்கு இரண்டும் இருக்கின்றன. வலி தொடங்கியது பதினான்கு வயதில். பெயர் தெரிந்தது முப்பத்தைந்தில்.

நடுவில் இருந்த வருடங்களில் ஊரில் நான் பார்த்த டாக்டர்கள் எல்லோரும் ஒரே வைத்தியம் சொன்னார்கள். கல்யாணமானால் வலி சரியாகிவிடும். கல்யாணம் ஆனது, வலி போகவில்லை. ஒரு குழந்தை பிறந்தால் சரியாகிவிடும். குழந்தை பிறக்கவில்லையே என்று போனால், கவலைப்படாமல் இருந்தால் பிறக்கும். என்ன கவலை என்று அவர்களே கேட்பார்கள். வலிக்கிறது என்பேன். அதற்கு ஒரு குழந்தை பிறந்தால் சரியாகிவிடும்.

கார்க்கிலும் விசாரணைக்குக் குறைவில்லை. தமிழ்க் குடும்பங்கள் கூடும் பொங்கல் விழாவில் பெரியவர்கள் “விசேஷம் ஏதாவது?” என்று தமிழில் கேட்பார்கள். அவர்களுடைய பிள்ளைகள் ஆங்கிலத்தில் கேட்பார்கள். தமிழைச் சாப்பாட்டுப் பெயர்களுக்கு மட்டும் வைத்திருக்கும் ஏழு வயதுப் பெண் ஒருத்தி, எனக்கு ஏன் குழந்தை இல்லை என்று கார்க் இழுவையில் கேட்டாள். வரவில்லை என்றேன். கொஞ்சம் யோசித்தாள். தன் தம்பியை நான் எடுத்துக்கொள்ளலாம், அவன் இட்லி சாப்பிடுவான், இப்போது கடிப்பதை நிறுத்திவிட்டான் என்றாள்.

இந்த நோய்கள் உள்ளவர்களுக்குக் கரு தங்க ஒரு மருந்து உதவுமா என்று பார்ப்பதுதான் நான் சேர விண்ணப்பித்த ஆய்வு. மற்ற வழிகளை முயன்று முடித்திருந்தோம். இது கடைசி. சேர்வதற்குப் பல நிபந்தனைகள். எனக்கு முக்கியமானவை இரண்டு. இதற்கு முன் ஒரு முறைகூடக் கருத்தரித்திருக்கக் கூடாது. கையெழுத்திடும் நாளில் முப்பத்தெட்டு வயது நிறைந்திருக்கக் கூடாது. நோரா பெட்டியைத் தள்ளிய அன்று எனக்கு முப்பத்தெட்டு நிறைய இருபத்திரண்டு நாள் இருந்தது.

கோளாறு என்னால் வந்தது. இளம் வயதில் மாதவிலக்கு எப்படி இருந்தது, எழுதிவைத்த பதிவு ஏதேனும் உண்டா என்று படிவத்தில் ஒரு கேள்வி. எல்லோரும் இல்லை என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்களாம். நான் உண்டு என்று எழுதினேன். ஆவணம் இருக்கிறது என்று சொல்வதில் பழைய நிருபர்களுக்கு ஒரு அற்பச் சந்தோஷம்.

ஆவணம் என்றது காலண்டரை. உளுந்தூர்பேட்டை பக்கம் களமருதூரில் என் அம்மா வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒரு ஆணி இருக்கிறது. உரக்கடையில் வருடா வருடம் கொடுக்கும் மாதக் காலண்டரை அம்மா அதில் மாட்டுவார். தாளைக் கிழிக்க மாட்டார், பின்பக்கம் மடக்கிவிடுவார். பழைய காலண்டரைக் கழற்றவும் மாட்டார், புதியது அதன் மேல் ஏறும். இப்படி இருபத்தைந்து வருடக் காலண்டர்கள் ஒரே ஆணியில் தொங்குகின்றன. ஆணியை இரண்டு முறை மாற்றியாயிற்று. இந்த வருடத்து ஜனவரி சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி நிற்கிறது.

எனக்கு மாதவிலக்கு வரும் தேதியில் அம்மா சிவப்புப் பேனாவால் வட்டம் போடுவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அந்த வருடங்களைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். அறுபது படம் வந்தது. அறுபதிலும் அம்மாவின் கட்டைவிரல் இருந்தது. விரல் எதையாவது குறிக்கிறதா என்று ஆராய்ச்சிப் பிரிவின் தகவல் பதிவாளர் மின்னஞ்சலில் கேட்டார். சிவப்பு வட்டம் மாதவிலக்கு, விரல் என் தாயாருடையது என்று பதில் போட்டேன்.

ஏழு வருடம் செய்தி எழுதியவள், ஒரே மூலத்தை நம்பி, சரிபார்க்காமல் அனுப்பிவிட்டேன்.

3

வீடு திரும்பி அம்மாவுக்குப் போன் செய்தேன். கார்க்கில் காலை பதினொன்று, களமருதூரில் மாலை நாலரை. அம்மா களையெடுத்துவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். எந்த வருடம், எந்த மாதம் என்று சொன்னேன்.

“அந்த வருசம் நீ வூட்லயே இல்லியேடி. ஆஸ்டல்ல இல்ல இருந்த.”

பிளஸ் டூ என்பதால் விடுமுறையிலும் வகுப்பு வைத்தார்கள். ஊருக்கு வந்ததே நாலைந்து நாள்தான். நான் இல்லாத வீட்டில் அதற்கு முந்தைய மாதங்களில் வட்டம் மட்டும் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“அது உனுக்கில்ல. செவலைக்கு.”

செவலை எங்களிடம் இருந்த ஒரே பசு. மாடு பருவத்துக்கு வந்தால் கத்தும். கத்திய தேதியைக் குறித்துவைத்து, சினை ஊசி போட வருபவரிடம் சொல்ல வேண்டும். சினை நிற்கவில்லையென்றால் இருபத்தோரு நாளில் மறுபடி கத்தும். அதையும் குறிக்க வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும். அம்மா என்னையும் மாட்டையும் ஒரே பேனாவால் ஒரே காலண்டரில் குறித்துக்கொண்டு வந்தார் என்பது தெரியாது.

ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

“உரக்கடக்காரன் இன்னா ரெண்டு காலண்டரா குடுத்தான்?”

அத்தோடு எல்லாம் விளங்கியது. பதினான்கு, பதினைந்து வயதில் தெரிந்த கடுகு, நானும் செவலையும் சேர்ந்தது. பதினாறில் நான் விடுதிக்குப் போன பிறகு தெரிந்த ஒழுங்கு, தனியாக இருந்த செவலையினுடையது. அதற்குப் பிறகு வந்த வெள்ளைக்கு அம்மா சந்தோஷமாக விளக்கம் சொன்னார்.

“மூணு தரம் போட்டும் நிக்கல. நாலாந்தரம்தான் நின்னுச்சி. ஒம்போது மாசம் பத்து நாளு, பொட்டக் கன்னு. கன்னு போட்டப்பறம் ரெண்டரை மாசம் கத்தவே இல்ல. எங்கியும் ஒரு கொறையும் வெக்கல அது.”

கடைசி வாக்கியம் செவலைக்கான பாராட்டுதான். நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

மாலை சேகரிடம் சொன்னேன். அவர் சங்கராபுரத்துக்காரர். முகத்தில் ஒன்றும் காட்டாமல் ரசத்தை ஊற்றிக்கொண்டு கேட்டார்.

“கல்யாணத்துக்கு முன்னாடியே ஒரு கன்னு இருக்குதுன்னு உங்க வூட்ல ஒரு வார்த்த சொல்லலியே.”

இரண்டு நாள் என்னிடம் பேசும்போதெல்லாம் கன்று இப்போது எங்கே, என்ன செய்கிறது, நம்மைத் தேடி வருமா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது நாள் தொழிற்சாலைக்குக் கிளம்பும்போது, இதனால் ஆய்வில் சேர முடியாமல் போய்விடுமா என்று கேட்டார். அப்போது கன்றைப் பற்றிக் கேட்கவில்லை.

4

நோராவிடம் சொல்வதற்கு ஆங்கிலத்தில் மூன்று விதமாக ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். ஒன்றும் சரியாக வரவில்லை. கடைசியில், அது நானில்லை, எங்கள் பசு என்றேன்.

நோரா திரையை விட்டு என் பக்கம் திரும்பினார். பிறகு பெட்டியைத் தேடினார். தாங்க முடியாததைச் சிலர் வேறு யாருக்கோ நடந்ததாகச் சொல்வார்கள் என்று எங்கோ பயிற்சியில் படித்திருப்பார் போலிருக்கிறது. மெதுவாக, அந்தப் பசுவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். கன்று போட்டது என்றேன். உங்களுக்கு அது எப்படி இருந்தது என்றார். நான் விடுதியில் இருந்தேன் என்றேன்.

காலண்டர், சிவப்புப் பேனா, உரக்கடை எல்லாம் சொல்லி, இருபத்தோரு நாள் என்ற இடத்துக்கு வந்ததும் அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, பேனா முனையை வைத்துப் புள்ளிகளை எண்ணினார். இருபத்தொன்று. இருபது. இருபத்தொன்று. இருபத்திரண்டு. பேனாவைக் கீழே வைத்தார். காது சிவந்துவிட்டது.

நோரா கார்க்குக்கு வடக்கே ஒரு பால் பண்ணையில் பிறந்தவர். வீட்டில் அறுபது மாடு. எந்த மாடு எந்தத் தேதியில் பருவத்துக்கு வந்தது என்று சமையலறைக் கதவில் அவருடைய அப்பா ஒரு அட்டவணை தொங்கவிட்டிருப்பாராம். ஏழு வயது முதல் அதில் குறி போட்டவர் நோராதான். பார்த்த நிமிடமே தெரிந்திருக்க வேண்டும், மருத்துவமனையில் இருப்பதால் மாடு என்று தோன்றவில்லை என்று மன்னிப்புக் கேட்டார்.

பிறகு என்ன இனம் என்று கேட்டார். நாட்டு மாட்டில் ஜெர்சி கலப்பு என்றேன். எத்தனை லிட்டர், எந்த வேளை அதிகம், பிரசவம் எளிதாக இருந்ததா. எங்கள் மாடு கத்தும் என்றேன். அவர்கள் மாடு அவ்வளவாகக் கத்தாதாம், ஒன்றின் மேல் ஒன்று தாவுமாம். எங்களிடம் ஒரே மாடுதான், தாவுவதற்கு ஆள் இல்லை என்றேன். அன்று இருபது நிமிடச் சந்திப்பில் பத்தொன்பது நிமிடம் மாடு பேசினோம்.

மீதி ஒரு நிமிடத்தில் விதியைச் சொன்னார். ஆய்வில் பதிவான ஒரு எண்ணை யாரும் அழிக்க முடியாது. மேலே ஒரே ஒரு கோடு இழுத்து, கீழே இருப்பது படிக்கத் தெரியும்படி விட்டு, காரணம் எழுதி, தேதியும் சுருக்கக் கையெழுத்தும் போட வேண்டும். காரணத்துக்கு ஆதாரம் வேண்டும். நான் வாயால் சொல்வது ஆதாரமாகாது. அம்மா சொல்வதும் ஆகாது, அம்மா ஏற்கெனவே கொடுத்த ஆதாரத்தில்தான் சிக்கலே. வேறொருவர் எழுத்தில் தர வேண்டும். ஆவணம் ஆங்கிலத்தில் இல்லையென்றால் அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் பெயர்க்க வேண்டும். அது நானாக இருக்கக் கூடாது. அதோடு, மீதியுள்ள வட்டங்களில் எது நான், எது செவலை என்றும் பிரித்துத் தர வேண்டும்.

பதினெட்டு நாள் இருந்தது.

5

செவலைக்கு ஊசி போட்டவர் சண்முகம். கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மொபெட்டில் பின்னால் உறைவிந்துக் குடுவையைக் கட்டிக்கொண்டு எங்கள் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் வருவார். கடைசி சில வருடம் கல்வராயன் மலையில் வேலை பார்த்துவிட்டு, மனைவியின் ஊரான கரியாலூரிலேயே சாமை விதைத்துக்கொண்டு தங்கிவிட்டார் என்று அம்மா விசாரித்துத் தெரிந்துகொண்டார்.

அங்கே போய் எழுதி வாங்கச் சொன்னபோது அம்மா தயங்கினார். மலை பெரிய விஷயமாக இல்லை.

“மாட்டுதுன்னா காட்டலாம். உன்னுதும் அதுலயே இல்ல இருக்கு. ஆம்பள ஆளுகிட்ட அத எப்பிடி விரிச்சிக் காட்றது?”

உள்ளங்கையால் மறைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. அம்மா அந்த ஐந்து வருடத்துக் காலண்டர்களை உரப்பையில் சுருட்டிக்கொண்டு, கள்ளக்குறிச்சிக்குப் போய், மலைக்கு ஏறும் பேருந்தைப் பிடித்தார். மூன்று வளைவு வரைக்கும் தாங்கினாராம். நாலாவதில் வாந்தி. காலண்டர் மேல் படவில்லை என்பதை இரண்டு முறை சொன்னார்.

வெளிநாட்டிலிருந்து மாட்டைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று மட்டும் அம்மா சொல்லியிருக்கிறார். சண்முகம் அதைக் கேட்டு உள்ளே போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். களமருதூர் செவலை என்றதும் நினைவு வந்துவிட்டது. அவருடைய முழங்காலில் இன்னும் தழும்பு இருக்கிறது. ஊசி போட்ட ஒவ்வொரு மாட்டையும் தேதி, ஊர், சொந்தக்காரர் பெயரோடு சிறு நோட்டுகளில் எழுதி ஒரு டிரங்குப் பெட்டி நிறைய வைத்திருந்தார். செவலையின் நாலு தேதியும் அதில் இருந்தன. அம்மாவின் வட்டங்களோடு சரியாகப் பொருந்தின. என்னுடைய தேதிகள் அம்மாவின் கைக்குக் கீழே பத்திரமாக இருந்தன. படத்தில் கட்டைவிரலை எடுக்க மறந்தவர், நேரில் கையை எடுக்கவே இல்லை.

சண்முகம் கோடு போட்ட தாளில் எழுதிக் கொடுத்ததை அம்மா படமெடுத்து அனுப்பினார். அது இது.

“களமருதூர் திருமதி சின்னப்பொண்ணு அவர்களுக்குச் சொந்தமான செவலை நிறக் கலப்பினப் பசுவுக்கு என்னால் நான்கு முறை செயற்கைமுறைக் கருவூட்டல் செய்யப்பட்டு, நான்காம் முறை சினை பிடித்து, உரிய காலத்தில் கிடாரிக் கன்று ஈன்றது எனச் சான்றளிக்கிறேன். மேற்படி சினை மேற்படி பசுவினுடையதே அன்றி வேறு எவருடையதும் அல்ல. பசு நல்ல கறவை. சற்று உதைக்கும்.”

வேறு எவருடையதும் அல்ல என்பது நான் கேட்டுக்கொண்டதால் சேர்த்த வரி. வேறு யாருடையதாக இருக்க முடியும் என்று சண்முகம் கேட்டிருக்கிறார். வெளிநாட்டில் எல்லாவற்றையும் சந்தேகப்படுவார்கள் என்று அம்மா சமாளித்திருக்கிறார். அவர் தலையாட்டிவிட்டு, கேட்காமலே தன் பெயருக்குக் கீழே முப்பத்தொரு வருட அனுபவம் என்று எழுதினார்.

திரும்பும் பேருந்துக்கு நிற்கும்போது அம்மா கூப்பிட்டார். கரியாலூரில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை சிக்னல் போய் வந்தது. மற்ற வட்டங்களில் என்னுடையதை எப்படிப் பிரிப்பது என்று கேட்டேன்.

“உன்னுதுன்னா பக்கத்துல புள்ளி வெச்சிருப்பேன் பாரு. மாட்டுக்குப் புள்ளி கெடையாது.”

பேசிக்கொண்டே மடிக்கணினியில் படங்களைப் பெரிதாக்கினேன். இருந்தன. சில வட்டங்களுக்கு வலப்பக்கம், சிவப்பில், வரிசையாக. தகவல் பதிவாளர் அவற்றைக் கறை என்று குறித்து விட்டுவிட்டிருந்தார். எதற்கு இந்தப் புள்ளி என்று கேட்டேன்.

“எழுந்துக்காம சுருண்டுக்கினு கெடப்ப இல்ல. எத்தினி நாளு கெடந்தியோ அத்தினி.”

ஒரு மாதம் நாலு. ஒரு மாதம் ஆறு. அரையாண்டுத் தேர்வு மாதத்தில் ஐந்து. வெந்தயத்தை முழுங்கிவிட்டுப் படு, பொம்பளைக்கு எல்லாருக்கும் வர்றதுதான் என்று சொன்ன அம்மாவைத்தான் எனக்கு நினைவிருக்கிறது. பேனாவோடு போய்ப் புள்ளி வைத்தது தெரியாது. எதற்காக எழுதி வைத்தாய் என்றேன்.

“மாட்டுக்குன்னா ஊசி போட்றவரு வந்தவொன்ன கேப்பாரு, எப்போ கத்துச்சி, எத்தினி நாளாச்சின்னு. உனுக்கும் டாக்டருங்க யாருனா கேப்பாங்கன்னு எழுதிக்கினு வந்தேன்.” பேருந்தின் ஹாரன் கேட்டது. “யாரும் கேக்கல. வெக்கிறேன், பஸ் வந்துடுச்சி.”

6

அங்கீகாரம் பெற்ற தமிழ் மொழிபெயர்ப்பாளர் டப்ளினில் இருந்தார். வயதானவர், யாழ்ப்பாணத்துக்காரர், நீதிமன்ற ஆவணங்கள் பெயர்த்துப் பழகியவர். தாளைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டு, இது ஏதும் வழக்கா பிள்ளை என்று கேட்டார். இல்லை, மருத்துவம் என்றேன். மாட்டுக்கோ உங்களுக்கோ என்றார். எனக்கு என்றேன். பிறகு, பசு சற்று உதைக்கும் என்பதையும் பெயர்க்க வேண்டுமா என்று கேட்டார். நோராவிடம் கேட்டேன். ஒரு சொல்லும் விடக் கூடாது, விதி என்றார். இப்போது என் மருத்துவக் கோப்பில் பசுவின் குணம் ஆங்கிலத்தில் முத்திரையோடு இருக்கிறது.

பிறகு திருத்த வேலை. நானும் நோராவும் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து, நான் தேதியைப் படிக்க, அவர் அச்செடுத்த பதிவுத் தாளில் கோடு இழுத்தார். நாளிதழில் மெய்ப்புத் திருத்துவதும் இப்படித்தான், இங்கே திருத்தப்பட்டது நான். ஒவ்வொரு கோட்டுக்கும் காரணம் என்ற கட்டத்தை நிரப்ப வேண்டும். முதல் இடத்தில் நோரா, “இந்தப் பதிவு பங்கேற்பாளருடையது அல்ல, அவருடைய தாயாரின் பசுவினுடையது” என்று முழுதாக எழுதினார். ஐந்தாவது இடத்தில் “பங்கேற்பாளர் அல்ல, பசு” என்று சுருங்கியது. பன்னிரண்டாவதில் “பசு.” அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் அந்த அறையில் கேட்ட ஒரே சொல் அது.

செவலையை முழுதாக வெளியேற்றிய பிறகு வரைபடத்தில் நான் மட்டும் மிஞ்சினேன். விடுதியில் இருந்த இரண்டு வருடத்துக்குப் பதிவு இல்லை என்று எழுதினோம். மற்ற வருடங்களில் நான் மாதத்துக்கு ஒரு முறை, முன்பின் மூன்று நாள் வித்தியாசத்தில், சாதாரணமாக வந்துகொண்டிருந்தேன். அடுத்து அம்மா வைத்த புள்ளிகளைப் பதிந்தோம். படுத்துக் கிடந்த நாள்கள் என்று ஒரு புதிய வரிசையை நோரா திறந்தார். நான் படித்தேன், அவர் தட்டினார். நாலு. ஆறு. நாலு. ஐந்து. ஏழு. முதல் வருடத்தை முடித்ததும் அவர் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்தார். பதினான்கு வயதிலா என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஆய்வில் சேர வந்தவர்களில் இந்த வயதுக்கான வலிப் பதிவை எழுத்தில் கொண்டு வந்தவர் வேறு யாரும் இல்லை என்றார். இதை எழுதியவர் நர்ஸா என்று கேட்டார். கூலி வேலை, ஐந்தாவது வரை படித்திருக்கிறார் என்றேன். அந்த முறை அவர் கிராண்ட் என்று சொல்லவில்லை.

7

என் பிறந்தநாளுக்கு மூன்று நாள் இருக்கும்போது ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். பதினோரு பக்கம், பக்கத்துக்கு ஒரு சுருக்கக் கையெழுத்து. நோரா ஒவ்வொரு பத்தியையும் விளக்கினார். ஆய்வில் சேர்பவர்களைக் கணினி இரண்டு பிரிவாகப் பிரிக்கும். ஒரு பிரிவுக்கு மருந்து. மற்றதற்கு அதே குப்பி, அதே ஊசி, உள்ளே உப்புத் தண்ணீர். மருந்து வேலை செய்கிறதா என்று தெரிய அதுதான் வழி. ஆய்வு முடியும்வரை யாருக்கு எது என்று சொல்ல மாட்டார்கள்.

அம்மாவிடம் சேர்த்துக்கொண்டார்கள் என்று சொன்னேன். சந்தோஷப்பட்டார். என்ன ஊசி, எத்தனை முறை என்று கேட்டார். இரண்டு பிரிவைப் பற்றியும் சொன்னேன். அம்மா யோசித்தார்.

“மாட்டுக்குக்கூட வெறுந்தண்ணிய போட மாட்டாங்களேடி.”

விளக்கினேன். ஆராய்ச்சி என்றால் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், எல்லோருக்கும் மருந்து கொடுத்தால் எதோடு ஒப்பிடுவது என்றேன். புரிந்ததாகச் சொன்னார். அப்படியானால் போடுகிற அந்த அம்மாவிடம் தனியாகக் கேட்டுக்கொள், மாட்டுக்காரங்கதானே, சொல்லிவிடும் என்றார்.

முதல் ஊசி திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு, இடது கையில் போடப்பட்டது. அது மருந்தா தண்ணீரா என்று நோராவுக்கும் தெரியாது.